இனம் பார்த்து வாடகைக்கு வீடு தர மறுத்தால் மலேசியாவில் வழக்குப் போட முடியுமா?

பினாங்கு பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்து ரூம் தேடிக்கொண்டிருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். தைப்பிங் பெண். மூன்று வாரமாகப் பட்டர்வொர்த்தில் அத்தை வீட்டில் தங்கி, தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போய் வருகிறார். 14 இடங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பியதில் 9 இடங்களில் முதல் பதிலே "ரேஸ்?" என்ற ஒற்றைச் சொல். இந்தியர் என்றதும் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. ஓர் இடத்தில் "ஆள் வந்தாச்சு" என்றார்கள். பத்து நிமிடம் கழித்து அவருடைய சீனத் தோழி கேட்டபோது "மாலை 7 மணிக்கு வந்து பாருங்கள்" என்று பதில் வந்தது. இன்னோர் இடத்தில் ஏஜெண்ட் 500 வெள்ளி புக்கிங் பணம் வாங்கிக்கொண்டு, ஐசி (அடையாள அட்டை) படத்தைப் பார்த்த பிறகு "ஓனர் மனசு மாறிட்டார்" என்று சொல்லிவிட்டார். பணம் இன்னும் திரும்பி வரவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது பிரிவு இதைத் தடுக்கவில்லையா, வழக்குப் போட முடியாதா, சிக்காகோவில் இருக்கும் அண்ணன் அங்கே இதற்கு வழக்குப் போடலாம் என்கிறாரே, இங்கே ஏன் முடியாது என்று கேட்கிறார். சட்டத்தைப் பற்றிக் கேட்டாலும், தட்டுவதற்கு ஒரு கதவாவது இருக்கிறதா என்பதுதான் அவர் மனதில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

தனியார் வீட்டுக்காரர் ஒருவர், நீங்கள் இந்தியர் என்பதற்காகவே வாடகைக்குத் தர மறுத்தால், அந்த மறுப்பைக் குற்றம் என்றோ, இழப்பீடு தர வேண்டிய தவறு என்றோ சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இல்லாததை இருக்கிறது என்று சொல்லி உங்களை நீதிமன்றப் படி ஏற்றி, எதிர்த்தரப்பின் செலவையும் உங்கள் தலையில் கட்டித் திருப்பி அனுப்ப மனமில்லை. ஜோர்ஜ் டவுனில் 22 ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். என் மேசைக்கு வரும் கோப்புகளில் பாதி வாடகை பாக்கி, டெபாசிட் தகராறு, வீட்டைக் காலி செய்ய மறுப்பது ஆகியவைதான். குடியிருப்பவர்களுக்காகவும் நின்றிருக்கிறேன், வீட்டுக்காரர்களுக்காகவும் நின்றிருக்கிறேன். உங்கள் விஷயத்தில் மறுப்பு வேறு, வாங்கிக்கொண்ட 500 வெள்ளி வேறு. மறுப்புக்குச் சட்டம் கைகொடுக்காது. பணத்துக்குக் கொடுக்கும்.

எட்டாவது பிரிவைப் படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று அதன் முதல் உட்பிரிவு சொல்கிறது. மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக வைத்துக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது இரண்டாவது உட்பிரிவு. பாலினம் என்ற சொல் 2001இல்தான் அதில் சேர்ந்தது. சொத்து வாங்குவது, வைத்திருப்பது, கைமாற்றுவது என்ற சொற்களும் அங்கே வருகின்றன. "இதோ பாருங்கள், சொத்து என்றே இருக்கிறதே" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். வாக்கியத்தை முழுதாகப் படித்தால், சொத்து தொடர்பான எந்தச் சட்டத்தையும் நிர்வகிப்பதில் பாகுபாடு கூடாது என்பதுதான் பொருள். நில அலுவலகத்தில் இருக்கும் அதிகாரியைக் கட்டுப்படுத்துகிற வரி அது. ஜெலுத்தோங்கில் மாடி ரூமை வாடகைக்கு விடும் தனி மனிதரை அது தொடவில்லை. அரசமைப்பே அனுமதிக்கும் விதிவிலக்குகளும் உண்டு என்று அதே உட்பிரிவு தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. மலாய் ஒதுக்கீட்டு நிலம் அப்படித்தான் நிற்கிறது. வீடு வாங்கும்போது பூமிபுத்ரா கோட்டா, தள்ளுபடி என்று வருவது வேறு கணக்கு. வாடகை ரூமோடு அதைக் கலந்தால் பேச்சு திசைமாறிப் போகும் என்பதால் இதோடு விடுகிறேன்.

இந்த வாசிப்பு என் சொந்தக் கருத்தல்ல. கர்ப்பமானதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் தொடுத்த வழக்கில், 2005இல் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அரசமைப்பு தரும் உரிமைகள் அரசாங்கத்துக்கும் அதன் அமைப்புகளுக்கும் எதிரானவை. ஒரு தனியார் இன்னொரு தனியாருக்கு எதிராக அவற்றைத் தூக்கிப் பிடிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு தவறு என்று வகுப்பறையில் வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் மாஜிஸ்திரேட்டும் உயர் நீதிமன்ற நீதிபதியும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். உங்கள் மூன்று வார அலைச்சலை முன்வைத்து அதை மாற்ற முடியும் என்று நான் நம்பிக்கை தரமாட்டேன்.

அரசாங்கமே வீட்டுக்காரராக இருந்தால் கதை மாறும். கோலாலம்பூர் மாநகர் மன்றம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மலிவு வாடகைக்கு விடும் பிபிஆர் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு விண்ணப்பித்து, இனத்தை மட்டுமே காரணமாக வைத்துத் தள்ளிவிட்டார்கள் என்று காட்ட முடிந்தால், எட்டாவது பிரிவு உயிரோடு எழுந்து நிற்கும். முடிவு தெரிந்த மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் நீதிப் புனராய்வு, அதாவது அரசு அமைப்பின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் பார்ப்பது, கேட்கலாம். கேட்பதற்கு உரிமை இருக்கிறது, நிரூபிப்பதுதான் பாடு.

வேலையிடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் உறுத்தும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 69எஃப் என்ற பிரிவு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையில் பாகுபாடு காட்டினார்கள் என்று தொழிலாளி புகார் செய்தால் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம்; உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். அதாவது, தங்கச்சி, நீங்கள் தொழிற்சாலைக்குள் நிற்கும்வரை உங்களுக்கு ஒரு கதவு இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து படுக்க ஓர் இடம் தேடும்போது இல்லை. பணத் தகராறு தனியாருக்கிடையில் என்றாலும் சட்டம் நுழைகிறது, வேலைத் தகராறு என்றாலும் நுழைகிறது, வீட்டு வாசலில் மட்டும் நின்றுவிடுகிறது. இன ஒதுக்கலை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் குடியிருப்பு உரிமையும் ஓர் அங்கம். அதில் கையெழுத்திடப் போவதில்லை என்று 2018 நவம்பரில் அரசாங்கம் அறிவித்தது. டிசம்பர் 8இல் கோலாலம்பூரில் அந்த உடன்படிக்கைக்கு எதிராகப் பெரிய பேரணியும் நடந்தது. வாடகை வீட்டுக்கென்று தனிச் சட்டம் வரும் என்று வீடமைப்பு அமைச்சும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. நான் இதை எழுதும்வரை அது நடப்புக்கு வரவில்லை.

உங்கள் அண்ணன் சொன்னது சரி. அமெரிக்கச் சட்டத்தை நான் படித்துத் தெரிந்துகொண்டதுதான், அங்கே வாதாடியவள் அல்ல. ஆனாலும் அடிப்படைகள் உறுதியானவை. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11இல் அங்கே நியாய வீடமைப்புச் சட்டம் கையெழுத்தானது. முதலில் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு, 1974இல் பாலினம், 1988இல் உடற்குறையும், குழந்தைகளோடு இருக்கும் குடும்பமும் சேர்ந்தன. வீட்டுக்காரர் தானும் குடியிருக்கும், நான்கு குடும்பங்களுக்கு மேல் இடமில்லாத சிறிய கட்டடத்துக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் அவரும் "இன்ன இனத்தவருக்கு மட்டும்" என்று விளம்பரம் போடக்கூடாது. யாரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வது என்பதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும், ஊரறிய ஓர் இனத்தையே தள்ளி வைக்கும் பலகையை மட்டும் அந்தச் சட்டம் பொறுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதில் பிடித்த இடம் அதுதான். நம் நாட்டில் சட்டம் எழுத உட்காருகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். விளம்பரமும் ஏஜெண்டும் முதலில், மற்றவை பிறகு.

உங்கள் தோழி செய்தது இருக்கிறதே, அதே விஷயம் 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரை ஒட்டிய புறநகரில் ஒரு கருப்பினப் பெண்ணும் ஒரு வெள்ளைக்காரரும் தனித்தனியாகப் போய் அதே குடியிருப்பில் வீடு கேட்டார்கள். அவளிடம் இல்லை என்றார்கள், அவரிடம் இருக்கிறது என்றார்கள். ஹேவன்ஸ் ரியல்ட்டி வழக்கு என்று அதற்குப் பெயர். அந்தப் பெண் வீடு எடுக்கும் எண்ணமே இல்லாமல் சோதித்துப் பார்க்கப் போனவள்தான். இருந்தாலும் பொய் சொல்லப்பட்டதே அவளுக்கு இழைத்த தீங்கு, அவள் வழக்குத் தொடுக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. நீங்கள் இருவரும் பத்து நிமிட இடைவெளியில் கையில் எடுத்த வாட்ஸ்அப் ஆதாரம் அங்கே ஒரு வழக்கின் முதுகெலும்பு. இங்கே அதைக் கேட்க ஒரு மேடை இல்லை. பிரிட்டனிலும் 1968இலேயே வீட்டை இனப் பாகுபாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

"என் வீடு, என் இஷ்டம். சட்டம் எப்படி உள்ளே நுழையலாம்?" என்று கேட்பவர்களுக்குப் பினாங்குக்காரர்கள் பதில் சொல்ல முடியும். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த நகரத்தில் 1948க்கு முன் கட்டிய தனியார் வீடுகளுக்குள்ளும் கடைவீடுகளுக்குள்ளும் நுழைந்து, எவ்வளவு வாடகை வாங்கலாம், யாரை எப்போது வெளியேற்றலாம் என்றெல்லாம் கட்டளையிட்டுக்கொண்டிருந்தது. 1997இல் அதை நீக்கினார்கள்; 1999 கடைசிவரை அவகாசம் தந்தார்கள். 2000 பிறந்ததும் லெபோ பாசார், லெபோ பினாங்கு சுற்றுவட்டாரத்தில் தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் ஆயர் ஈத்தாம் பக்கமும் பெருநிலம் பக்கமும் மூட்டை கட்டிய கதையை வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சட்டத்தில் குறைகள் இருந்தன. பழைய கட்டடங்கள் பராமரிப்பின்றி இடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். என் பேச்சு அதன் நல்லது கெட்டதைப் பற்றியதல்ல. தனியார் வீட்டுக்குள் சட்டம் 30 ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த ஊர் இது என்பதைத்தான் சொல்கிறேன்.

நானும் இதைப் பட்டவள்தான். 2002இல் சேம்பரிங் (வழக்கறிஞராகும் முன் செய்யும் பயிற்சி) செய்துகொண்டிருந்தபோது, ஒரு வீட்டு கேட்டில் அட்டை தொங்குவதைப் பார்த்து அந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். பினாங்கில் வளர்ந்தவள் என்பதால் ஹொக்கியன் தண்ணீர்பட்ட பாடு. வீட்டுக்கார அம்மா சந்தோஷமாகப் பேசி, உடனே வரச் சொன்னார். போய் நின்றேன். சாவிக் கொத்தோடு வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் பூட்டில் வைத்த சாவியைத் திருப்பவில்லை. "ஆள் வந்தாச்சு" என்று மலாயில் சொன்னார். ஃபோனில் ஹொக்கியனில் பேசியவர், நேரில் மலாய்க்கு மாறிவிட்டார். அட்டை எங்கள் இருவருக்கும் நடுவில், கேட்டுக் கம்பியில் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. சட்டம் படித்து முடித்தவள் நான்; எந்தச் சட்டத்தைச் சொல்வது என்று தெரியாமல் திரும்பி நடந்தேன்.

வீட்டுக்காரர்கள் சொல்லும் காரணங்களை 22 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாடகை ஒழுங்காக வராது, சமையல் வாசனை, ஆள் சேரும், குடி. இதில் ஒன்றே ஒன்றில் உண்மையான பயம் இருக்கிறது. வாடகை கட்டாதவரை வெளியேற்றுவது இங்கே நிஜமாகவே கஷ்டம். 1950ஆம் ஆண்டு தனிப்பட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியே தள்ள முடியாது. பூட்டை மாற்றுவது தவறு. உத்தரவு கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வாடகை நஷ்டம். அந்தப் பயத்தில் ஆளை விசாரிக்காமல் இனத்தை விசாரிக்கிறார்கள். என் அலமாரியில் இருக்கும் வாடகை பாக்கிக் கோப்புகளைத் திறந்தால் எல்லா இனத்தாரும் இருக்கிறார்கள். வேலை போனவர், கல்யாணம் முறிந்தவர், சூதில் விட்டவர் என்று காரணம் அவரவர் வாழ்க்கையில் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், அது நம்மவர்களுக்கு. "சீனர் இருந்தால் பரவாயில்லை" என்று என்னிடமே சொல்லும் தமிழ் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வங்காளதேசி என்றால், ஆப்பிரிக்க மாணவர் என்றால் முகம் சுளிப்பவர்களும், ஊர் எது என்ற கேள்வியில் சாதியைத் தேடுபவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வரப்போகும் சட்டம் அவர்களையும் பிடிக்க வேண்டும்.

கொண்டோ, அபார்ட்மெண்ட் என்று பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. "ஓனர் சம்மதம்தான், மேனேஜ்மெண்ட் இன்ன ஆட்களுக்கு விடக்கூடாது என்கிறது" என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பாதீர்கள். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் 70ஆம் பிரிவு கூடுதல் விதிகள் போட நிர்வாகக் கழகத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் ஒரு வீட்டை விற்பதையோ குத்தகைக்கு விடுவதையோ தடுக்கும் விதி செல்லாது என்றும் சொல்கிறது. மோன்ட் கியாரா கொண்டோ ஒன்றின் வழக்கில் 2020இல் கூட்டரசு நீதிமன்றம், ஏர்பிஎன்பி போன்ற நாள் வாடகையை நிர்வாகம் தடுக்கலாம் என்றது. அது ஹோட்டல் போன்ற குறுகியகாலத் தங்கலுக்கு. ஓராண்டு ஒப்பந்தம் போட்டுக் குடிவருபவருக்கு அதைப் பொருத்த முடியாது என்பது என் கருத்து. இனத்தைச் சொல்லும் விதி ஒன்று நேராக நீதிமன்றம் போய் அடிபட்ட தீர்ப்பு என் கைக்கு வந்ததில்லை. அதனால்தான் கருத்து என்று சொல்கிறேன்.

இனி அந்த 500 வெள்ளி. ஏஜெண்ட் உங்களிடம் கொடுத்த ரசீதையோ வாட்ஸ்அப் வரியையோ எடுத்துப் பாருங்கள். வீட்டு முகவரி, மாத வாடகை, குடிவரும் தேதி மூன்றும் இருந்து, "ஓகே, கன்ஃபர்ம்" என்று ஓனர் சார்பில் சொல்லியிருந்தால், ஒப்பந்தம் அப்போதே உருவாகிவிட்டது என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை வைத்து வாதாட இடமுண்டு. பிறகு பின்வாங்கியது ஒப்பந்த மீறல். பணமும், அதனால் நேரடியாக வந்த செலவும் கேட்கலாம். "ஓனர் சம்மதித்தால்" என்ற சொற்கள் இருந்தால் ஒப்பந்தம் இல்லை, ஆனால் எதற்காகப் பணம் வாங்கினாரோ அது நடக்கவில்லை என்பதால் பணத்தை வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லை. பணம் திரும்ப வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாலத்து டோலும் பெட்ரோலும் கிடைக்குமா என்பதில் சந்தேகம் உண்டு. மனம் நொந்ததற்கு இழப்பீடு பொதுவாக ஒப்பந்த வழக்கில் கிடைக்காது.

முதலில் அந்த ஏஜெண்டின் ஆர்இஎன் எண்ணை, அதாவது அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, மதிப்பீட்டாளர்கள், சொத்து முகவர்கள் வாரியத்தின் இணையதளத்தில் தேடுங்கள். பதிவில்லாமல் ஏஜெண்ட் வேலை செய்வது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பதிவு இருந்தால் அவர் சார்ந்த நிறுவனத்துக்கும் வாரியத்துக்கும் எழுதலாம். நீங்கள் பணம் போட்டது நிறுவனக் கணக்கிலா, அவருடைய சொந்தக் கணக்கிலா என்று பாருங்கள். சொந்தக் கணக்கு என்றால் புகாரில் அதை முதல் வரியாக எழுதுங்கள். பிறகு 14 நாள் கெடு கொடுத்து ஒரு கடிதம், பதிவுத் தபாலில். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு: 5,000 வெள்ளிவரை, படிவம் 198, வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஜோர்ஜ் டவுன் என்றால் லெபோ லைட்டில் இருக்கும் நீதிமன்ற வளாகம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்பவர்கள் இருப்பார்கள்; நிலம், வீட்டு உரிமை தொடர்பானவை அதன் எல்லைக்கு வெளியே என்பதால் அங்கே எல்லைச் சண்டையில் நேரம் போகும். மறுப்பைப் பற்றி மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கு எழுதுங்கள். அவர்களால் வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் புகார் பதிவாகும். சட்டம் வேண்டும் என்று கேட்கும் நாளில் அந்தப் பதிவுகள்தான் பேசும். அதனால் அந்த 9 "ரேஸ்?" களையும் அழிக்காதீர்கள், தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

ரூமுக்கு என் யோசனை: கம்பெனி மனிதவளப் பிரிவில் கேளுங்கள், கம்பெனி பெயரில் ஒப்பந்தம் போட்டுக் கொடுப்பார்களா என்று. இல்லாவிட்டால் வேலை உறுதிக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் முதல் செய்தியிலேயே குறிப்பிடுங்கள். நீங்கள் யார் என்பதற்கு நீங்கள் சான்று காட்ட வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது, ஆனால் வாடகை வருமா என்ற பயத்துக்கு அது நேரடிப் பதில். கிடைத்ததும் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுங்கள், முத்திரையில்லாத காகிதத்தை நீதிமன்றம் ஆதாரமாக எடுக்காது. ஐசி படத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்த ரசீதில் இருக்கும் வரியை மட்டும், பெயர்களையும் எண்களையும் மறைத்துவிட்டு, இங்கே பதிந்தால் அது ஒப்பந்தமா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன். கடிதத்தையும் அதற்கேற்ப எழுதித் தருகிறேன்.